படத்தைத் தொட்டுப் பேச: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சொல் பலகை செய்து பழக்கும் முழுமையான வழிகாட்டி

என் தம்பிக்கு 26 வயது. டவுன் சிண்ட்ரோம். வாயால் ஒரு நாற்பது சொல் சொல்வான். அதில் வெளியாளுக்குப் புரிவது பத்து இருக்கும். மிச்சத்தையெல்லாம் ஒரு பலகையில் படங்களைத் தொட்டுச் சொல்கிறான். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டில் அந்தப் பலகை உருப்படியாக வேலை செய்யத் தொடங்கும் முன் இரண்டு வருடம் வீணானது. நாங்கள் உழைக்காமல் இல்லை. வரிசை தவறிவிட்டது.

அதற்கப்புறம் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பல வீடுகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எல்லா வீட்டிலும் அதே இடத்தில்தான் தடுக்குகிறது. பலகையை முதலில் செய்துவிடுகிறார்கள், சொற்களைப் பிறகு யோசிக்கிறார்கள், மறுநாளே "இது என்ன, காட்டு" என்று பரீட்சை வைக்கிறார்கள். ஒரு மாதத்தில் பலகை பீரோ மேல் ஏறிவிடுகிறது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பேச்சே வராத குழந்தைக்கும், பேசினாலும் யாருக்கும் புரியாத ஐம்பது வயதுக்காரருக்கும் இதே வரிசைதான்.

தொடங்கும் முன் முடிக்க வேண்டியவை

காதும் கண்ணும் முதலில். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகிவிடும். வீட்டில் அதைப் "பிடிவாதம்" என்று நினைத்துக்கொள்வோம். அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். "சத்தம் கேட்டால் கையைத் தூக்கு" என்பது புரியாதவர்களுக்கு, தூங்கும்போதே காது கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை இருக்கிறது. கண்ணுக்கு அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனை. படம் தெரியாதவரிடம் படத்தைக் காட்டிப் பயனில்லை.

அடுத்து, வீட்டில் உள்ளவர்களின் பயம். "படம் கொடுத்தால் சோம்பேறியாகி, வருகிற பேச்சும் நின்றுவிடும்" என்று எங்களிடம் ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். அதை நம்பித்தான் ஒரு வருடம் போனது. 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் கறாராக நடத்தப்பட்ட ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நீங்கள் இல்லாத நேரத்தில் பலகையை எடுத்து ஒளித்து வைப்பார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. ஆனால் அந்த நாள் வரும்வரை கை கட்டி உட்கார வேண்டாம். கீழே உள்ள எதையும் நாளைக்கே தொடங்கலாம்.

வேண்டிய பொருள்கள்: ஒரு நாற்பது பக்க நோட்டு, கேமரா உள்ள செல்போன், ஒரு கெட்டி அட்டைக் கோப்பு, தையல் சாமான் கடையில் வெல்க்ரோ பட்டை ஒரு மீட்டர், ஜெராக்ஸ் கடையில் வண்ண அச்சும் லேமினேஷனும்.

1. ஏழு நாள் எழுதுங்கள், வேறெதுவும் செய்யாதீர்கள்

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எந்த நேரம், என்ன செய்தார், அதன் அர்த்தம் என்ன. தட்டைத் தள்ளினாள் என்றால் "போதும்". வாசலைப் பார்த்து ஓடினான் என்றால் "அப்பா வண்டிச் சத்தம்". கையைக் கடித்துக்கொண்டான் என்றால், அர்த்தம் தெரியவில்லை என்று எழுதுங்கள். அதுவும் முக்கியம்.

பேச்சு இல்லாதவர் எதையும் சொல்லாமல் இருப்பதில்லை. நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார், வீட்டுக்காரர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி. பலகையில் வைக்க வேண்டிய சொற்கள் அந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாக எழுதுங்கள். அம்மா ஒரு நோட்டு, அப்பத்தா ஒரு நோட்டு. ஒரே செயலுக்கு இருவரும் வேறு அர்த்தம் எழுதியிருந்தால், அங்கேதான் சொல் தேவைப்படுகிறது என்று பொருள்.

2. முதல் பன்னிரண்டு சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்கு அவசரம் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கடையில் விற்கும் படச் சுவரொட்டியை வாங்கி வெட்டுகிறார்கள். யானை, மயில், ஆப்பிள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. யோசித்துப் பாருங்கள், ஒரு நாளில் எத்தனை தடவை யானை என்று சொல்லத் தேவைப்படுகிறது? பெயர்களை மட்டும் கற்றவர் பொருளைக் காட்டுவாரே தவிர, அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டார். ஆளை நகர்த்துகிற, செயலை நிறுத்துகிற சொற்கள் முதலில் வேண்டும்.

நான் எல்லா வீட்டிலும் தொடங்கும் பட்டியல்: எனக்கு, வேணும், வேண்டாம், இன்னும், போதும், குடு, வா, போ, வலிக்குது, ஒண்ணுக்கு. இவை பத்து. மீதி இரண்டும் அவருக்கு உயிரான இரண்டு பொருள், நோட்டில் இருக்கும். என் தம்பிக்குக் காப்பியும் காராச்சேவும்.

இந்தச் சொற்களின் எழுத்து வடிவத்தைக் கவனியுங்கள். வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே இருக்க வேண்டும். "உணவு" என்று அச்சடித்துவிட்டு "சோறு" என்று கூப்பிட்டால், படிக்கத் தெரிந்த அண்ணன் ஒரு சொல்லும் அம்மா ஒரு சொல்லும் சொல்வார்கள். எங்கள் பக்கம் தொட்டுக்கொள்வது வெஞ்சனம். ஆகவே பலகையிலும் வெஞ்சனம். அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா அம்மாச்சி. இருவரையும் "பாட்டி" என்று போட்டால் யாரைக் கேட்கிறான் என்று தெரியாது. மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் ஏராளம், தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளும் உண்டு. அங்கே வீட்டுப் பலகையில் வீட்டு மொழிச் சொல்தான், தமிழ் எழுத்தில். "ஒரே மொழியில் பேசுங்கள், இல்லாவிட்டால் குழம்புவான்" என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் குறைபாடு கூடுவதில்லை. அப்பத்தாவின் மொழியைப் பறித்தால் அப்பத்தாவையே பறித்த மாதிரி.

ஆங்கிலப் பலகையை அப்படியே தமிழாக்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அன்றாட ஆங்கிலப் பேச்சில் ஏறக்குறைய 80 சதவீதம் சில நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும் என்பார்கள். அந்தப் பட்டியலை மொழிபெயர்த்து ஒட்டுகிறார்கள். "நான்" என்ற படத்துக்கு அப்புறம் "வேண்டும்" என்ற படம். சேர்த்துப் படித்தால் "நான் வேண்டும்". தமிழில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நமக்கு "எனக்கு" வேண்டும். "நான்" அப்புறம் வரலாம்.

தமிழுக்கே உரிய இன்னொரு இடறல்: "வேணும்", "வேண்டாம்" இரண்டும் "வே" என்றுதான் தொடங்குகின்றன. நாக்குச் சரியாகத் திரும்பாதவர் "வே" என்று சொன்னால் நாம் நம் வசதிக்கு அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் தம்பி "வே வே" என்று அழுததை வேணும் என்று நினைத்து மேலும் மேலும் சோறு வைத்திருக்கிறோம். இந்த இரண்டு சொல்லுக்கும் படம் மட்டும் போதாது. வேணும் பச்சை ஓரம், வேண்டாம் சிவப்பு ஓரம், பலகையின் மேல் மூலையில் ஒன்று, கீழ் மூலையில் ஒன்று. கூடவே கைச்சைகையும்: வேணும் என்றால் உள்ளங்கை நெஞ்சில், வேண்டாம் என்றால் உள்ளங்கையை முன்னால் நீட்டித் தள்ளுவது. தலையாட்டலை நம்ப வேண்டாம். நம் ஊர்த் தலையாட்டலில் சரி என்பதும் இல்லை என்பதும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

3. பொருளா, புகைப்படமா, கோட்டுப்படமா என்று சோதியுங்கள்

டம்ளர், கரண்டி இரண்டையும் தரையில் வையுங்கள். டம்ளரின் புகைப்படத்தைக் காட்டி "இதை எடு" என்று சொல்லுங்கள். வேறு நேரங்களில் மாற்றி மாற்றிச் சில தடவை. பெரும்பாலும் சரியாக எடுத்தால் புகைப்படம் புரிகிறது. தடுமாறினால் உண்மைப் பொருளிலிருந்தே தொடங்குங்கள்: குளிக்கத் துண்டு, வெளியே போகச் செருப்பு, சாப்பிடக் கரண்டி. ஒவ்வொரு முறையும் அதே பொருள்.

இது தாழ்ந்த நிலை, அது உயர்ந்த நிலை என்று நினைக்காதீர்கள். புரிகிற இடத்தில் தொடங்கினால்தான் அடுத்த இடத்துக்குப் போக முடியும்.

புகைப்படம் எடுக்கும்போது பின்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, பொருளை மட்டும் எடுங்கள். ஒரு வீட்டில் "அத்தை" என்பதற்குக் கல்யாண மேடைப் படத்தை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெண் பிள்ளை அதைத் தொட்டது மாலைக்காக. மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை.

"இன்னும்", "போதும்" போன்றவற்றைப் புகைப்படம் எடுக்க முடியாது. எளிய கோட்டுப்படம் போதும். தொடத் தொட அர்த்தம் ஏறிவிடும். படத்துக்குக் கீழே சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சிலர் நாளடைவில் எழுத்தின் உருவத்தையே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

4. பலகையைச் செய்யுங்கள்

ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் நான்கு வரிசை அகலம், மூன்று வரிசை உயரம். பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றும் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். விரல் நடுங்குபவருக்கு ஆறு கட்டமே போதும்.

இடப்பக்கம் ஆள், நடுவில் பொருள், வலப்பக்கம் வினை. நம் வாக்கியம் அப்படித்தான் ஓடுகிறது: எனக்கு, காப்பி, வேணும். விரலும் அதே திசையில் போகட்டும்.

ஒரு சொல்லுக்கு ஒரு இடம் கொடுத்தால் அதை மாற்றவே கூடாது. விரல் இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும், நாம் இருட்டில் சுவிட்சைத் தேடாமல் போடுகிற மாதிரி. பின்னால் சேர்க்கப்போகும் சொற்களுக்கு முதலிலேயே கோப்பின் அடுத்த தாளில் வெற்றுக் கட்டம் விட்டுவிடுங்கள். அடிக்கடி மாறும் பொருள்களுக்கு மட்டும் வெல்க்ரோ.

பளபளப்பு லேமினேஷன் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் தெரியாது. மங்கல் லேமினேஷன் கேளுங்கள். மூன்று பிரதி எடுங்கள்: அடுப்படிக்கு ஒன்று, பைக்கு ஒன்று, பள்ளிக்கோ வேலைக்கோ ஒன்று. அழுக்காகிவிடும் என்று உயரத்தில் மாட்டாதீர்கள். அவர் கைக்கு எட்டாத பலகை அவருடையதில்லை.

5. முதலில் நீங்கள் பலகையில் பேசுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். வீணான இரண்டு வருடத்தில் இன்னொரு வருடம் இதில்தான் போனது.

குறைந்தது மூன்று வாரம் அவரிடம் எதையும் கேட்காதீர்கள். நீங்கள் பேசும்போது நீங்களே தொடுங்கள். சோறு போடும்போது "இன்னும் வேணுமா? இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் படத்தைத் தொடுங்கள். கிளம்பும்போது "போ" படத்தைத் தொட்டு "போவோமா". ஒவ்வொரு சொல்லையும் தொட வேண்டாம். வாக்கியத்துக்கு ஒரு சொல், முக்கியமானது.

பச்சைக் குழந்தை ஒரு வருடம் நம் பேச்சைக் கேட்ட பிறகுதான் ஒரு சொல் சொல்கிறது. அந்த ஒரு வருடமும் யாரும் அதைப் பரீட்சிப்பதில்லை. படத்தால் பேசப்போகிறவர் மட்டும், யாரும் படத்தால் பேசி ஒருநாள்கூடப் பார்க்காமல், முதல் நாளே பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

"இது என்ன? எது சோறு? தொட்டுக் காட்டு" என்பது பேச்சு இல்லை. சோறு எது என்று கேட்பவருக்குத் தெரியும், அது அவருக்கும் தெரியும். அப்புறம் ஏன் சொல்ல வேண்டும்? அப்படிக் கேட்கக் கேட்க, பலகையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வீட்டில் எல்லோரும் எல்லாச் சொல்லையும் பழக வேண்டியதில்லை. எங்கள் அப்பத்தா பலகையைத் தொடவே மாட்டேன் என்றார். "நீங்க சோறு போடும்போது போதும், இன்னும் ரெண்டை மட்டும் தொடுங்க அப்பத்தா" என்று கேட்டுக்கொண்டேன். மூன்று வேளையும் அவர்தான் பரிமாறுவார். தம்பி தானாகத் தொட்ட முதல் சொல் அவரிடம்தான் வந்தது: போதும்.

6. காத்திருங்கள்

அரை டம்ளர் காப்பி ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். அவரைப் பாருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மெதுவாக.

கேட்டதை உள்வாங்கி, சொல்லைத் தேடி, விரலை நகர்த்த அவருக்கு நம்மைவிட அதிக நேரம் ஆகும். நாம் மூன்றாவது நொடியிலேயே மறுபடி கேட்கிறோம். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பத்து எண்ணியும் வரவில்லை என்றால் பலகையைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் பலகையைச் சற்று அவர் பக்கம் நகர்த்துங்கள். அதற்கும் வரவில்லை என்றால் நீங்களே "இன்னும்" தொட்டுவிட்டு மீதியை ஊற்றிவிடுங்கள். காப்பியைப் பிடித்து வைத்துக்கொண்டு பணிய வைக்க வேண்டாம். அவர் விரலைப் பிடித்துத் தொட வைக்கவும் வேண்டாம். உங்கள் கை நகர்த்திய சொல் உங்கள் சொல்.

7. "வேண்டாம்" என்றால் கேளுங்கள்

வேண்டாம் என்ற சொல் வேலை செய்கிறது என்று கண்டுகொண்ட வாரத்தில் எல்லாவற்றுக்கும் வேண்டாம் வரும். குளிக்க வேண்டாம், சட்டை வேண்டாம், அத்தை வீடு வேண்டாம். பல வீடுகளில் அந்த வாரம்தான் அந்தப் படத்தைக் கழற்றுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவர் சொல்லி ஒன்று நின்றிருக்கிறது. கேட்கக்கூடியதையெல்லாம் கேளுங்கள். அத்தை வீட்டுக்கு அடுத்த வாரம் போகலாம்.

மாத்திரை போன்றவற்றில் கேட்க முடியாது. அப்போதும் காதில் விழாத மாதிரி இருக்கக் கூடாது. படத்தைத் தொட்டு, "வேண்டாம்னு சொல்றே, எனக்குத் தெரியுது. ஆனா மாத்திரை போடணும். டம்ளர்ல தண்ணியா, சொம்புலயா?" என்று எப்படி என்பதை மட்டும் அவரிடம் விடுங்கள். சொல்லால் நிறுத்த முடியாது என்று தெரிந்தால் கடித்தும் அடித்தும் நிறுத்துவார். முன்பு அதுதான் வேலை செய்தது.

8. ஒரு சொல்லுக்கு மேல் ஒரு சொல்

அவர் "காப்பி" தொட்டால் நீங்கள் "காப்பி வேணும்" என்று இரண்டையும் தொட்டுச் சொல்லிவிட்டுக் காப்பியைக் கொடுங்கள். அவர் இரண்டு தொட்டால் நீங்கள் மூன்று. "முழுசாச் சொல்லு, அப்பத்தான் தருவேன்" வேண்டாம். காப்பி என்று அவர் சொன்னது ஏற்கெனவே புரிந்துவிட்டது.

வாரத்துக்கு இரண்டு புதுச் சொல் போதும். முப்பதைத் தாண்டினால் சாப்பாடு, ஆட்கள், வெளியிடம் என்று பக்கம் பிரியுங்கள். முதல் பத்துச் சொல் எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

9. உடம்புக்கும் பாதுகாப்புக்கும் தனிப் பக்கம்

பெற்றோர் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் பக்கம் இது. நான் விட்டுக்கொடுப்பதில்லை.

முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு மனித உருவம் வரைந்து, எல்லா உறுப்புக்கும் பெயர் எழுதுங்கள். மறைவிடங்களுக்கும்தான். வீட்டில் சொல்லும் சொல்லையே எழுதலாம். ஆனால் டாக்டருக்கும் போலீசுக்கும் புரிகிற சொல்லாக இருக்கட்டும். பக்கத்தில் வலிக்குது, அரிக்குது, மயக்கமா வருது, தொட்டாங்க, பிடிக்கல, சொல்லணும். கூடவே வீட்டுக்கு வந்துபோகும் எல்லோருடைய புகைப்படமும். எல்லோரும் என்றால் எல்லோரும். "அவரைப் போய்" என்று யாரையும் விடக் கூடாது. இவனால் வெளியே சொல்ல முடியாது என்று தெரிந்துதான் தவறு செய்பவன் துணிகிறான்.

பெண் பிள்ளைகளுக்கு பீரியட்ஸ், பேடு மாத்தணும், வயிறு வலிக்குது என்ற மூன்றும் பூப்படையும் முன்பே பலகையில் ஏறிவிட வேண்டும். அந்த நாளில் சொல்லித்தர நேரம் இருக்காது.

நன்றாக இருக்கும்போதே இந்தப் பக்கத்தைப் பழக்குங்கள். எண்ணெய் தேய்க்கும்போது முழங்கால், முதுகு என்று தொட்டுச் சொன்னாலே போதும். வலிக்கும்போது புதிதாகக் கற்க முடியாது.

10. வாசலைத் தாண்டி

வீட்டில் ஓடுகிற பலகை தெருமுனையில் நின்றுவிடும். எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாததுதான் காரணம். அதனால் முதலில் அவரைத் தயார் செய்யுங்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் இல்லாத டீக்கடைக்கு நான் முதலில் தனியாகப் போனேன். "அண்ணே, நாளைக்கு என் தம்பி வருவான். அவன் அட்டையைக் காட்டினா அவனைப் பாத்துப் பேசுங்க, என்னைப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே முழுப் பலகை சுமக்க வேண்டாம். சாவி வளையத்தில் கோத்த ஐந்தாறு சின்ன அட்டை போதும்: "ஒரு டீ குடுங்க, சீனி கம்மியா", "எவ்வளவு?", "சிம்மக்கல் ஒரு டிக்கெட்". வீட்டுப் பலகையில் "குடு" இருந்தாலும் வெளி அட்டையில் "குடுங்க"தான். மரியாதைச் சொல் இல்லாத வளர்ந்த ஆளை உலகம் குழந்தையாகவே நடத்தும். இதே காரணத்துக்காக வளர்ந்தவர்களின் அட்டையில் கார்ட்டூன் பொம்மை வேண்டாம்.

சித்திரைத் திருவிழா மாதிரிக் கூட்டத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும்: பெயர், வீட்டு ஃபோன் எண், "எனக்குக் காது கேட்கும், புரியும், பதில் சொல்ல நேரமாகும்". எண்ணைக் கழுத்தில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிடாதீர்கள்.

11. செல்போன் செயலி கடைசியில்

சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழ் இருக்கிறது. படத்தைத் தொட்டால் குரலும் வரும், அது பெரிய பலம். ஆனால் காகிதப் பலகையைத் தானாக எடுத்து வந்து பேசத் தொடங்கியபின் கொடுங்கள். யூடியூப் பார்க்கும் அதே ஃபோனில் போடாதீர்கள். பேசுகிற கருவியா விளையாட்டுக் கருவியா என்று குழம்பும், தண்டனையாக ஃபோனைப் பிடுங்கும்போது அவர் வாயையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவோம். காகிதப் பலகை எப்போதும் பையில் இருக்கட்டும். அதற்குச் சார்ஜ் தேவையில்லை.

12. மூன்று மாதத்துக்கு ஒருமுறை

நோட்டை மறுபடி எடுத்து மூன்று நாள் எழுதுங்கள். புதிதாக எதற்கு அழுகிறார், எதற்குக் கையைப் பிடித்து இழுக்கிறார்? அங்கே ஒரு சொல் குறைகிறது. மூன்று மாதமாகத் தொடாத படத்தைக் கழற்றும் முன், நாம் அதைத் தொட்டுப் பேசினோமா என்று பாருங்கள். பெரும்பாலும் பேசியிருக்க மாட்டோம்.

படங்களை மாற்றும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தம்பி தன் பள்ளிச் சீருடைப் படத்தைத் தானே உரித்துப் போட்டுவிட்டான். மீசையோடு புதுப்படம் எடுத்து ஒட்டினோம். பழைய பலகைகளைத் தூக்கிப் போடாமல் பின்புறம் தேதி எழுதி அடுக்கி வையுங்கள். புது ஆசிரியரோ பயிற்சியாளரோ வரும்போது அதையும் நோட்டையும் அவர் கையில் கொடுத்தால் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.